விமானி அறையில் சிதறும் கவனம்: இலங்கை மண்ணில் வீழ்ந்த இரு ஹஜ் விமானங்களை முன்வைத்து

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு பத்து மணி கடந்த வேளை. இந்தோனேசியாவின் சுரபயா நகரிலிருந்து புறப்பட்ட டிசி-8 ரக விமானம் ஒன்று கட்டுநாயக்காவை நோக்கி வந்துகொண்டிருந்தது. நெதர்லாந்தின் மார்ட்டின் எயார் நிறுவனத்துக்குச் சொந்தமான அந்த விமானத்தை கருடா நிறுவனம் ஹஜ் பயணத்துக்காக வாடகைக்கு எடுத்திருந்தது. உள்ளே 182 பயணிகளும் 9 பணியாளர்களும் இருந்தார்கள். கொழும்பில் சற்று நின்றுவிட்டு ஜித்தாவுக்குப் போகவேண்டிய விமானம், மலையகத்தில் மஸ்கெலியா - நோட்டன் பிரிட்ஜ் பக்கமுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

நான்கு வருடங்கள் கழித்து, 1978 நவம்பர் 15 நள்ளிரவுக்குச் சற்று முன்பு, இன்னொரு டிசி-8 கட்டுநாயக்காவுக்கு வந்தது. இது ஐஸ்லாந்து நாட்டின் லொஃப்ட்லெய்டிர் நிறுவனத்தின் விமானம். ஹஜ் முடித்த இந்தோனேசிய ஹாஜிமாரை ஜித்தாவிலிருந்து சுரபயாவுக்கு ஏற்றிச் சென்றுகொண்டிருந்தது. ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தென்னந்தோப்புக்குள் விழுந்தது. 262 பேரில் 183 பேர் வபாத்தானார்கள். 79 பேர் தப்பினார்கள்.

ஒன்று ஹஜ்ஜுக்குப் போகும் வழியில், மற்றது ஹஜ்ஜிலிருந்து திரும்பும் வழியில். இரண்டும் நம் நாட்டு மண்ணில். இலங்கையில் நடந்த மிகப் பெரிய விமான விபத்துகள் இவைதான். ஆனாலும் நம்மட ஆக்களிடையே இவற்றைப் பற்றிய பேச்சு குறைவு. ஹஜ், உம்ரா என்றும் வளைகுடாவுக்குத் தொழில் என்றும் நம் குடும்பங்களில் விமானம் ஏறாதவர்கள் குறைந்துவிட்ட இந்தக் காலத்தில், அந்த விமானங்கள் ஏன் விழுந்தன என்று கேட்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்தால், விமானியின் கவனம் எப்படிச் சிதறுகிறது, சிதறாமல் காக்க என்னென்ன ஏற்பாடுகள் உண்டு என்ற பெரிய விடயத்துக்கு வந்து சேர்வோம். அதை இயன்றவரை எளிமையாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கவனம் என்பது என்ன?

வகுப்பறையில் ஒரு சின்னப் பரிசோதனை செய்து பார்க்கலாம். ஒரு பிள்ளையை எழுப்பி ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள். ஏழாறு நாற்பத்திரண்டில் நிற்கும்போது, "உங்கட தம்பி இண்டைக்கு ஏன் வரல்ல?" என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொல்லிவிட்டு வாய்ப்பாட்டுக்குத் திரும்பும். அநேகமாக ஒரு வரியைத் தாண்டித் தொடங்கும், அல்லது சொன்ன வரியையே மறுபடி சொல்லும். பிள்ளைக்கு வாய்ப்பாடு தெரியாமல் இல்லை. எந்த இடத்தில் விட்டோம் என்பதுதான் தெரியவில்லை.

விமானி அறையில் நடப்பதும் இதுதான். விமானிக்கு வேலை தெரியாமல் விபத்து நடப்பது அபூர்வம். பல்லாயிரம் மணித்தியாலம் பறந்தவர்களே இந்த விபத்துகளில் பெரும்பாலும் இருந்திருக்கிறார்கள். மனிதனின் மூளை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளை உண்மையில் செய்வதில்லை. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறது. தாவும்போது விட்ட இடத்தைத் தவறவிடுகிறது. கண் ஒரு வேலையில் ஆழ்ந்துவிட்டால் காது அடைத்துக்கொள்வதும் உண்டு. பக்கத்தில் எச்சரிக்கை மணி அடித்தாலும் மனதில் ஏறாது. கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத் தாய் மூன்று தரம் கூப்பிட்டும் கேட்காததை எல்லா வீட்டிலும் கண்டிருப்போம். அது அலட்சியம் மட்டுமல்ல, மூளையின் இயல்பும்தான்.

1998 இல் அமெரிக்காவின் நாசா ஆய்வாளர்கள் விமானிகள் தாமாக முன்வந்து எழுதிக்கொடுத்த 107 சம்பவ அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். விமானியின் கவனத்தைப் பறிப்பவற்றை நான்காக வகுத்தார்கள்: பேச்சு, தலையைக் குனிந்து செய்யும் கணினி, காகித வேலைகள், வெளியே வேறு விமானத்தைத் தேடுவது, ஏதாவது பழுது வந்தால் அதைக் கையாள்வது. இதில் கவனிக்கவேண்டியது, நான்கில் மூன்று விமானியின் கடமையோடு சேர்ந்தவை. வீண் பேச்சு மட்டும்தான் கவனச்சிதறல் என்று நினைத்தால் பாதியைத்தான் கண்டோம். வேலையே வேலைக்கு இடைஞ்சலாகும். கைவிடப்பட்ட வேலைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே வகையைச் சேர்ந்தவை என்றும் அவர்கள் கண்டார்கள்: விமானம் இப்போது எங்கே இருக்கிறது, எப்படிப் போகிறது என்று கண்காணிக்கும் வேலை.

2. ஒரு சின்ன விளக்கு

உலகம் முழுக்க விமானிகளுக்குப் பாடமாகச் சொல்லப்படும் விபத்து 1972 டிசம்பர் 29 இரவு அமெரிக்காவின் மயாமி நகருக்கு அருகில் நடந்தது. ஈஸ்டர்ன் எயார்லைன்ஸின் 401ஆம் இலக்க விமானம். அக்காலத்தில் புத்தம் புதிய ரகம். இறங்கப் போகும்போது முன்சக்கரம் பூட்டிவிட்டதா என்று காட்டும் விளக்கு எரியவில்லை. 2000 அடியில் தானியங்கி இயக்கத்தில் விட்டுவிட்டு, விளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் ஈடுபட்டார்கள். பொறியியலாளர் சக்கரத்தைக் கண்ணால் பார்க்கக் கீழ் அறைக்குள் இறங்கினார். இதற்கிடையில் யாரோ ஒருவரின் கை அல்லது உடல் சுக்கானில் பட்டு, உயரத்தைப் பிடித்து வைத்திருந்த தானியங்கி ஏற்பாடு விடுபட்டிருக்க வேண்டும். விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. உயரம் மாறுகிறது என்று மணியும் ஒலித்தது. ஒருவருக்கும் கேட்கவில்லை. தரையிலிருந்த கட்டுப்பாட்டாளரின் திரையில் 900 அடி என்று தெரிந்தது. அவரும் உயரத்தைக் கேட்காமல், வேலை எப்படிப் போகிறது என்று மட்டும் விசாரித்தார். சில விநாடிகளில் விமானம் சதுப்பு நிலத்தில் மோதியது. 176 பேரில் 101 பேர் இறந்தார்கள்.

சக்கரம் சரியாகவே பூட்டியிருந்தது. விளக்கின் குமிழ்தான் எரிந்து போயிருந்தது.

விமானி அறையில் இருந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல. எல்லோரும் சுறுசுறுப்பாக வேலை செய்தார்கள். ஆனால் எல்லோரும் ஒரே வேலையைச் செய்தார்கள். விமானத்தை ஓட்டும் வேலை ஒருவரிடமும் இல்லை. "பலபேர் பார்த்த பிள்ளை பட்டினி" என்ற கதைதான். இதற்குப் பிறகு விமானப் பயிற்சியில் ஒரு வரிசை அழுத்தமாகச் சொல்லப்படலாயிற்று: முதலில் விமானத்தை ஓட்டு, பிறகு திசையைப் பார், அதன் பிறகு பேசு. பழுது எதுவானாலும் ஒருவர் ஓட்ட வேண்டும், மற்றவர் பழுதைப் பார்க்க வேண்டும்.

3. பத்தாயிரம் அடிக்குக் கீழே

1974 செப்டெம்பர் 11 காலை, அமெரிக்காவின் சார்லட் நகரில் பனிமூட்டம். ஈஸ்டர்ன் எயார்லைன்ஸின் இன்னொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. விமானிகள் அரசியலும் பழைய கார்களும் கதைத்துக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் பின்னர் தெரிந்தது. உயரத்தைக் கவனிக்கவில்லை. ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்து, 82 பேரில் 72 பேர் இறந்தார்கள்.

இதுபோன்ற விபத்துகளின் பின்பு 1981 இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு விதியைக் கொண்டுவந்தது. "ஸ்டெரைல் கொக்பிட்" என்று அதைச் சொல்வார்கள். சத்திரசிகிச்சைக் கூடத்தில் கிருமி புகவிடாமல் காப்பது போல, விமானி அறைக்குள் தேவையற்ற எதையும் புகவிடாமல் காப்பது என்று பொருள். விமானம் தரையில் ஊர்வது முதல், மேலெழுந்து பத்தாயிரம் அடி தாண்டும்வரையும், திரும்பப் பத்தாயிரம் அடிக்குக் கீழ் வந்து இறங்கி நிற்கும்வரையும், பறப்புப் பாதுகாப்போடு தொடர்பில்லாத பேச்சோ, சாப்பாடோ, வாசிப்போ, எழுத்து வேலையோ கூடாது. விமானப் பணிப்பெண்களும் அவசரமில்லாமல் விமானியை அழைக்கக் கூடாது. இன்று உலகின் பெரும்பாலான நிறுவனங்கள் இதைக் கைக்கொள்கின்றன.

ஏன் பத்தாயிரம் அடி? உயரத்தில் பறக்கும்போது தவறு நடந்தால் திருத்திக்கொள்ள நிமிடங்கள் கிடைக்கும். தரைக்கு அருகில் விநாடிகள்தான். வேலையும் அப்போதுதான் குவியும்: வேகம் குறைக்க வேண்டும், இறக்கையின் மடிப்புகளை விரிக்க வேண்டும், சக்கரம் இறக்க வேண்டும், கட்டுப்பாட்டாளரோடு பேச வேண்டும். விபத்துகளில் பெரும்பங்கும் ஏறும்போதும் இறங்கும்போதும்தான் நடக்கின்றன.

தரையில் ஊர்வதும் விதிக்குள் ஏன் வந்தது என்பதற்கு 1987 ஆகஸ்ட் 16 இல் டெட்ராய்ட் நகரில் நடந்ததைச் சொல்லலாம். நோர்த்வெஸ்ட் நிறுவனத்தின் 255ஆம் இலக்க விமானத்தில், ஓடுபாதைக்குப் போகும் வழியில் படிக்கவேண்டிய சரிபார்ப்புப் பட்டியல் படிக்கப்படவில்லை. இறக்கை மடிப்புகளை விரிக்காமலே மேலெழ முயன்றார்கள். தரையிலிருந்த இருவர் உட்பட 156 பேர் பலியானார்கள். விமானத்துக்குள் இருந்தவர்களில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் பிழைத்தாள்.

4. பேசக்கூடாத பேச்சும் பேசவேண்டிய பேச்சும்

இனி கட்டுநாயக்காவுக்குத் திரும்புவோம்.

1974 விபத்தை விசாரித்தவர்கள், விமானம் எங்கே இருக்கிறது என்பதை விமானிகள் பிழையாக விளங்கிக்கொண்டு, பாதுகாப்பான முறைக்கு மாறாகக் கீழிறங்கியதே காரணம் என்றார்கள். விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியது பிழையான விளக்கத்துக்கு இடம் கொடுத்தது என்பது அவர்களின் கருத்து. மலை இருந்த இடம் விமான நிலையத்திலிருந்து கிழக்கே ஏறக்குறைய 40 கடல் மைல் தூரத்தில். கட்டுநாயக்கா பக்கத்தில்தான் என்று நினைத்து இறங்கியவர்களுக்கு முன்னால், இருட்டில், நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட மலை நின்றது. இதை வீண் பேச்சால் வந்த கவனச்சிதறல் என்று சொல்ல முடியாது. சொல்வது நியாயமும் அல்ல. ஆனால் ஒரு கருவி சொல்வதை இன்னொரு கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கண்காணிப்பு தவறியது. மனதில் ஒரு படம் பதிந்துவிட்டால், அதற்கு மாறான சான்றுகளை மனிதன் காணத் தவறுகிறான்.

1978 விபத்து நமக்கு இன்னும் நெருக்கமான பாடத்தைச் சொல்கிறது. இலங்கை அதிகாரிகளின் விசாரணை சுட்டிய காரணங்களில் மூன்று முக்கியமானவை. உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் அறிய இருந்த கருவிகள் அனைத்தையும் விமானிகள் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் உயரத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய துணை விமானி அதைச் சொல்லவில்லை. 250 அடியில் ஓடுபாதை சரியாகத் தெரியாவிட்டால் திரும்ப மேலெழ வேண்டும் என்ற விதியைத் தலைமை விமானி பின்பற்றவில்லை. ஐஸ்லாந்துத் தரப்பு இதை முழுதாக ஏற்கவில்லை. தரையிலிருந்த வழிகாட்டும் கருவியின் பராமரிப்பிலும் கட்டுப்பாட்டாளர் கொடுத்த தகவலிலும் குறை இருந்தது என்றது. இரண்டு பக்கமும் சொல்லப்பட்டதை வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது.

எப்படிப் பார்த்தாலும் ஒரு விடயம் தெளிவு. சார்லட்டில் பேசக்கூடாத பேச்சு உயிர் குடித்தது. கட்டுநாயக்காவில் பேசவேண்டிய பேச்சு பேசப்படாமல் போனது. "ஸ்டெரைல் கொக்பிட்" விதியை மௌன விரதம் என்று சிலர் விளங்கிக்கொள்கிறார்கள். அது பிழை. தேவையற்ற பேச்சை அகற்றுவதே தேவையான பேச்சுக்கு இடம் விடுவதற்காகத்தான். "ஆயிரம் அடி", "ஐந்நூறு அடி" என்று ஒருவர் உரத்துச் சொல்வதும் மற்றவர் அதற்கு மறுமொழி சொல்வதும் வெறும் சடங்கு அல்ல. மறுமொழி வராவிட்டால், அவருடைய கவனம் வேறெங்கோ போய்விட்டது என்பதை உடனே அறியலாம்.

ஓட்டாத விமானியை முன்பு ஆங்கிலத்தில் "ஓட்டாதவர்" என்ற பொருள்படவே அழைத்தார்கள். பிற்காலத்தில் "கண்காணிப்பவர்" என்று பெயரை மாற்றினார்கள். சொல் மாறியதும் கடமையும் தெளிவானது. அவர் சும்மா இருப்பவர் அல்ல. மற்றவரின் கவனம் தவறும்போது பிடித்துக்கொள்ள வேண்டியவர்.

5. சொன்னாலும் கேட்காதபோது

கண்காணிப்பவர் சொல்லியும் விபத்து நடந்ததுண்டு. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேசைபோல் அமைந்த ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய தொழிலாளரும் அவர்களின் குடும்பத்தினரும் அதில் நிறையப் பேர். தலைமை விமானி பறப்பின் போது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல் தூங்கியிருந்தது ஒலிப்பதிவில் தெரிந்தது. தூங்கி எழுந்த மயக்கத்தில் விமானத்தைத் தேவைக்கு அதிகமான உயரத்தில் கொண்டுவந்தார். இறங்க வேண்டாம், திரும்ப மேலெழுவோம் என்று துணை விமானி மூன்று தரம் சொன்னார். எச்சரிக்கைக் கருவியும் கத்தியது. தலைமை விமானி கேட்கவில்லை.

பத்து வருடங்கள் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 மழை இரவில், துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கு வந்த அதே நிறுவனத்தின் விமானத்தில் தலைமை விமானியின் பக்கக் கண்ணாடித் துடைப்பான், முதல் முயற்சியிலேயே வேலை செய்யாமல் நின்றுவிட்டது. இரண்டாம் முயற்சியில் 8,858 அடி நீளமான ஓடுபாதையில் பாதி தூரம் போன பிறகே சக்கரம் தரையைத் தொட்டது. திரும்ப மேலெழும்படி கண்காணித்தவர் சொன்னார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். அடுத்த நாள் காலை அங்கிருந்து இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டும் என்ற நினைப்பு, கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதலைக் கொடுத்திருக்கலாம் என விசாரணை கூறியது. கவனத்தைப் பறிப்பது பேச்சும் கைபேசியும் மட்டுமல்ல, நாளைய கவலையும்தான் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அதே ஆண்டு மே 22, பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, லாகூரிலிருந்து கராச்சிக்கு வந்த பாகிஸ்தான் சர்வதேச விமானம் சக்கரம் இறக்காமலே ஓடுபாதையில் உரசி, திரும்ப மேலெழுந்து, பழுதான எஞ்சின்களோடு வீடுகளின் மேல் விழுந்தது. 99 பேரில் 97 பேர் வபாத்தானார்கள். விமானிகள் கொரோனா பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள் என்று விமானப் போக்குவரத்து அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். பெருநாளுக்கு வீடு திரும்பியவர்களின் ஜனாஸாக்கள்தான் வீடு போய்ச் சேர்ந்தன.

தலைமை விமானியிடம் துணை விமானி துணிந்து சொல்வதும், தலைமை விமானி அதைக் காது கொடுத்துக் கேட்பதும் பயிற்சியால் வரவேண்டியவை. 1977 மார்ச் 27 இல் தெனெரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகே இதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. மூத்தவர்களுக்கு முன்னால் வாய் திறக்கக் கூடாது என்று வளர்ந்த நம் போன்ற சமூகங்களுக்கு இந்தப் பயிற்சி இன்னும் அவசியம். மரியாதை வேறு, மௌனம் வேறு.

6. புதிய இடைஞ்சல்கள்

2009 ஒக்டோபர் 21 இல் நோர்த்வெஸ்ட் நிறுவனத்தின் 188ஆம் இலக்க விமானம் மினியாபொலிஸ் நகரைத் தாண்டி ஏறக்குறைய 150 மைல் போய்விட்டது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வானொலி அழைப்புக்குப் பதில் இல்லை. இருவரும் மடிக்கணினியில் வேலை அட்டவணை மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார்கள். உயிர்ச்சேதம் இல்லை. 2014 இல் அமெரிக்கா விமானி அறையில் சொந்தத் தேவைக்குக் கணினியோ கைபேசியோ பாவிப்பதை, எந்த உயரமானாலும், முற்றாகத் தடைசெய்தது.

இந்தியாவில் 2023 மார்ச் ஹோலிப் பண்டிகையன்று ஸ்பைஸ்ஜெட் விமானிகள் இருவர், சுவிட்சுகள் நிறைந்த நடுப்பலகையின் மேல் கோப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு பலகாரம் சாப்பிட்ட படம் வெளியாகி, இருவரும் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார்கள். அதே ஆண்டு பெப்ரவரியில் துபாய் - டெல்லி விமானத்தில் விமானி ஒருவர் தன் தோழியை விமானி அறைக்குள் அமர்த்திய விவகாரத்தில் எயார் இந்தியாவுக்கு 30 இலட்சம் ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. "ஒண்டும் நடக்கல்லத்தானே, இதுக்கு ஏன் தண்டனை?" என்று கேட்கத் தோன்றும். ஒன்றும் நடக்காத நாட்களில் பழகிய பழக்கம்தான் ஏதோ நடக்கும் நாளில் வெளியே வருகிறது. 1994 மார்ச்சில் ரஷ்ய விமானி ஒருவர் தன் பிள்ளைகளைச் சுக்கானுக்கு முன்னால் உட்காரவைத்தார். மகனின் கை அழுத்தத்தில் தானியங்கி இயக்கத்தின் ஒரு பகுதி விடுபட்டது. 75 பேரோடு விமானம் சைபீரியாவில் வீழ்ந்தது.

7. கருவிகள் காக்கும், ஆனால்...

மஸ்கெலியா விபத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்பு, 1974 டிசம்பர் 1 இல், அமெரிக்காவில் வொஷிங்டன் அருகே ஒரு விமானம் இதேபோல் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். அதன் பின் அந்நாடு, தரை நெருங்கினால் குரல் கொடுக்கும் எச்சரிக்கைக் கருவியை விமானங்களில் கட்டாயமாக்கியது. பிற்காலத்தில் உலகின் மலைகளையே வரைபடமாக உள்ளடக்கிய மேம்பட்ட கருவி வந்தது. இதனால் மலையில் மோதும் விபத்துகள் பெரிதும் குறைந்தன. ஏழு கன்னியர் மலையை நோக்கி இன்று ஒரு விமானம் இருட்டில் இறங்கினால், முன்னால் மலை இருப்பதைக் கருவி நேரத்தோடு சொல்லும். ஆனால் மங்களூரிலும் கருவி சொன்னது. கேட்பதற்கு ஒரு மனம் வேண்டும்.

நல்ல உதாரணம் நம் நாட்டிலிருந்தே உண்டு. 2022 ஜூன் 13 இல் லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த ஸ்ரீலங்கன் யூஎல் 504 விமானம் துருக்கி வானில் 33,000 அடியில் பறந்தது. 35,000 அடிக்கு ஏறும்படி தரையிலிருந்து சொன்னார்கள். அதே உயரத்தில் சுமார் 15 மைல் தூரத்தில் பிரிட்டிஷ் எயார்வேஸ் விமானம் ஒன்று இருப்பதைத் தங்கள் கருவியில் கண்ட விமானிகள், ஏற மறுத்துத் தகவல் சொன்னார்கள் என்று செய்திகள் வந்தன. அவர்களின் விழிப்பைப் பாராட்டி நிறுவனம் அறிக்கையும் விட்டது. அது இறங்கும் நேரமல்ல, நெடும்பயணத்தின் நடுப்பகுதி. கவனம் தளர இடமுள்ள அந்த வேளையிலும், சொன்னதை அப்படியே செய்யாமல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

8. பயணி செய்யக்கூடியது

"நாம ஏறி இருக்கிறவங்க, நமக்கென்ன?" என்று சொல்லிவிட முடியாது. அண்மை ஆண்டுகளில் இலங்கைக்கான ஹஜ் ஒதுக்கீடு 3,500 பேர். முதல் தடவை விமானம் ஏறுபவர்களும் முதியவர்களும் அதில் உண்டு. இப்போது பலாலியிலிருந்தே சென்னைக்குப் போக முடிகிறது. ஒரு காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் வன்னியில் சனம் பதுங்குகுழிக்குள் ஓடியது. இன்று தர்மபுரத்துப் பிள்ளைகள் விமானி ஆக வேண்டும் என்று கட்டுரை எழுதுகிறார்கள். ஆகவே சில விடயங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஏறும்போதும் இறங்கும்போதும் அழைப்பு மணியை அழுத்திப் பணியாளரைத் தண்ணீருக்கும் போர்வைக்கும் கூப்பிடாதீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் இருக்கையில் அமர்ந்து அவசரத்துக்குத் தயாராக இருக்க வேண்டியவர்கள். விமானம் நிற்குமுன் எழுந்து பையை எடுக்காதீர்கள். எழுந்தால் அதுவும் விமானி அறைக்குத் தகவலாகப் போகும். ஊர்ந்துகொண்டிருக்கும் விமானத்தின் விமானிக்கு அது ஓர் இடையூறு. கைபேசியைப் பறப்பு நிலைக்கு மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். ஆனால் புகையோ தீயோ வழமைக்கு மாறான சத்தமோ கண்டால், எந்த நேரமானாலும் சொல்லுங்கள். அது தேவையான பேச்சு.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. இறங்கப்போன விமானம் திடீரென்று மேலெழுந்தால் விமானியை ஏசாதீர்கள். அது அவருடைய திறமைக் குறைவு அல்ல. மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் நடந்திருக்கவேண்டியது அதுதான். அரை மணித்தியாலத் தாமதத்துக்காக நாம் போடும் கூச்சலும், விமானியின் மேல் ஏறும் பாரங்களில் ஒன்று.

இந்தப் பாடம் வானத்தோடு நிற்பதில்லை. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், ஒரு கையில் சுக்கானும் மறு கையில் கைபேசியுமாகப் போகும் சாரதியை நாம் நாளாந்தம் காண்கிறோம். அவருக்குப் பத்தாயிரம் அடி என்ற எல்லை இல்லை. முழுப் பாதையுமே தரைதான். அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு, விரும்பியோ விரும்பாமலோ, கண்காணிப்பவரின் வேலை வந்து சேர்ந்திருக்கிறது. "நாநா, போனை வைங்க" என்று சொல்ல வெட்கப்படக் கூடாது. 1978 இல் அந்த இரவில் உயரத்தை ஒருவர் உரக்கச் சொல்லியிருந்தால் எத்தனை ஹாஜிமார் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்பதை அல்லாஹ்வே அறிவான். சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்வது மட்டும் நம் கையில் இருக்கிறது.